பின்வாசல் வெந்நீர்

ஜூலை 14, திங்கள்

என் பெயர் மாசிலாமணி. ஊர் பேரணாம்பட்டு. இதை நானே எழுதினேன். யாரும் கையைப் பிடிக்கவில்லை.

ஜூலை 15

என் மனைவி பெயர் பூங்காவனம். எழுதி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது. ஆறின டீயும் நன்றாகத்தான் இருந்தது.

ஜூலை 18, வெள்ளி

நகராட்சிப் பள்ளியில் சாயங்காலம் எங்களைப் போன்ற கிழடுகளுக்கு வகுப்பு நடக்கிறது. ரெஜினா டீச்சர் சொல்லித் தருகிறார். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்து படித்தோம். இப்போது எழுத்துக் கூட்டி எதையும் படித்துவிடுவேன். திங்கட்கிழமை டீச்சர் ஆளுக்கொரு நோட்டு கொடுத்தார்.

“தெனமும் தேதி போட்டு நாலு வரி எழுதுங்க. வீட்டுல என்ன நடந்துச்சோ, அது. நான் திருத்தவும் மாட்டேன், படிக்கவும் மாட்டேன்.”

“அப்புறம் யார் டீச்சர் படிக்கிறது?” என்று கேட்டேன்.

“நீங்கதான்.”

எல்லோரும் சிரித்தார்கள். இன்று வீட்டுக்கு வந்து இதுவரை எழுதியதைப் படித்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது.

ஜூலை 21

பஸ் நிலையத்தில் நின்று போர்டுகளைப் படித்தேன். குடியாத்தம். ஆம்பூர். வேலூர். எனக்கு எந்த ஊரிலும் வேலை இல்லை. ஒரு கண்டக்டர், “பெருசு, ஏறுறியா இல்லியா?” என்றார். “நீ போப்பா, நான் படிச்சிக்கினு கீறேன்” என்றேன்.

ஜூலை 24

நான் தோல் ஷாப்பில் வேலை செய்தவன். தோல் பதனிடும் கம்பெனியை எங்கள் ஊரில் ஷாப்பு என்றுதான் சொல்வோம். சுண்ணாம்புக் குழியில் இறங்கிப் பச்சைத் தோலை இழுத்துப் போடுவது என் வேலை. அந்த நாற்றம் சட்டையைக் கழற்றினால் போகாது. மயிர்க்கால் வழியாக உள்ளே இறங்கிவிடும்.

பூங்காவனத்தைப் பெண் பார்த்தபோது மாப்பிள்ளைக்குக் கம்பெனி வேலை என்று தரகர் சொல்லியிருந்தார். என்ன கம்பெனி என்று பெண் வீட்டில் கேட்கவில்லை. கல்யாணம் ஆகி நான் வேலைக்குப் போய்த் திரும்பிய முதல் சாயங்காலம், அவள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மறுநாள் நான் வரும்போது பின்வாசலில் ஒரு அண்டா வெந்நீரும் சோப்பும் இருந்தன. அன்றிலிருந்து வேலை விட்டு வந்தால் பின்வாசல்தான். குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவேன். குளித்த பிறகும் கிட்டே போனால், “தள்ளிப் போ, நாத்தம் தாங்கல” என்பாள். சுகுணா பிறந்த பிறகு அவள் உள்ளே படுத்தாள், நான் நடையில் படுத்தேன்.

வயதாகி வேலையை விட்டு நின்ற பிறகும் வெந்நீர் நிற்கவில்லை. சாயங்காலம் ஆனால் பின்வாசலில் இருக்கும். நானும் குளிப்பேன்.

பூங்காவனம் வீட்டில் பீடி சுற்றுவாள். எதிர் வீட்டுக் கன்னியம்மாள் ஒரு முறை கேட்டாள்: “நாள் பூரா பீடித்தூளுக்குள்ள உக்காந்துக்கினு கீற. அந்த நாத்தம் உனுக்குத் தெரியல, கட்டுன புருசன் நாத்தம் மட்டும் தெரியுதாமே?” பூங்காவனம் இலையை நறுக்கிக்கொண்டிருந்தாள்.

இவ்வளவு எழுத மூன்று நாள் ஆயிற்று. மேலே போட்டிருப்பது முதல் நாள் தேதி.

ஜூலை 29, செவ்வாய்

முன்பு எழுதியது பழைய கதை. இப்போது அப்படி இல்லை. இதைச் சொல்வதற்காகத்தான் அதை எழுதினேன்.

சில மாதமாகப் பூங்காவனம் என் பக்கத்தில் வந்து உட்காருகிறாள். முதலில் நான் பயந்துபோய்த் தள்ளி உட்கார்ந்தேன். அவளும் நகர்ந்து வந்தாள். இன்று எழுதிக்கொண்டிருக்கும்போது என் தோளில் சாய்ந்துகொண்டு, “இன்னா மாமா எழுதற?” என்றாள்.

மாமா என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் என்னை எதைச் சொல்லியும் கூப்பிட்டதில்லை. “சோறு வெச்சாச்சு” என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். நான் போய்ச் சாப்பிடுவேன்.

“உன் பேரைத்தான் எழுதறேன்” என்றேன்.

“என் பேரு இவ்ளோ நீளமாவா கீது?” என்று சிரித்தாள்.

“என் மேல நாத்தம் அடிக்கலியா?”

என் கழுத்துப் பக்கம் மூக்கை வைத்து நன்றாக இழுத்துப் பார்த்தாள். “ஒண்ணுமில்லியே.”

வேலையை விட்டுப் பல வருஷம் ஆகிவிட்டது. நாற்றமும் ஒரு நாள் அலுத்துப்போய் இறங்கிவிடும் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பால் பொங்கிக் கருகிவிட்டது. தெருவே மூக்கைப் பிடித்தது. பூங்காவனம் அடுப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தாள். அவள் பாடுவாள் என்று எனக்குத் தெரியாது. பால் போனால் போகிறது.

ஆகஸ்ட் 9

பீடி ஏஜெண்டு கட்டுகளைத் திருப்பி அனுப்பிவிட்டார். சுற்று தளர்ந்து தூள் கொட்டுகிறதாம். முன்பெல்லாம் ஒரு கட்டு திரும்பி வந்தால் அன்றைக்கு அவள் சோறு தின்ன மாட்டாள். இன்று, “போவட்டும் மாமா, நாலு பேரு நெஞ்சு பொழைச்சிது” என்றாள். நானும் சிரித்தேன். நல்ல தமாஷ்.

ஆகஸ்ட் 13

கன்னியம்மாளின் மாமியார் இறந்துவிட்டார். நாங்கள் போயிருந்தோம். பூங்காவனம் பிணத்துக்குப் பக்கத்தில் நின்று, “மூக்குல பஞ்சு வெச்சிட்டீங்களே, அது மாலைய எப்டி மோந்து பாக்கும்?” என்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். ஒப்பாரி நின்றுபோனது. நான் அவள் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தேன். தெருவில் எல்லோரும் பார்த்தார்கள். கிழவனும் கிழவியும் கை கோத்துக்கொண்டு போனால் பார்க்கத்தான் செய்வார்கள்.

பின்வாசலில் வெந்நீர் வைப்பதில்லை இப்போது. பச்சைத் தண்ணீரில் குளிக்கிறேன். சுகமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஓசூரிலிருந்து மகள் சுகுணா வந்தாள். வந்ததும், “யம்மா, கேஸ் திறந்து கீது!” என்று கத்திக்கொண்டு ஓடி ஜன்னலைத் திறந்தாள். பிறகு குழம்புச் சட்டியை மோந்து பார்த்தாள்.

“நைனா, இது ஊசிப்போச்சு. நீ இதையா துன்ன?”

“நல்லாத்தானம்மா இருந்துச்சு.”

பூங்காவனம் அதையே ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து வரும்போது நிலைக்காலில் தோளை இடித்துக்கொண்டாள். “இந்தக் கதவு தெனமும் நகுந்துக்கினே கீது” என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

சுகுணா என்னைப் பின்பக்கம் கூப்பிட்டுப் போனாள்.

“அம்மா எப்பலேர்ந்து இப்டி கீது?”

“எப்டி?”

“எப்டியா? உன்ன மாமான்றது, உன் தட்டுல இருந்து எடுத்து துன்னுது...”

“அது தப்பா?”

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மகளுக்கு முன்னால் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.

செப்டம்பர் 2, செவ்வாய்

சுகுணா சொன்னபடி பூங்காவனத்தைக் குடியாத்தத்தில் கண் டாக்டரிடம் காட்டினோம். கண்ணாடி கொடுப்பார் என்று நினைத்தேன். கண்ணுக்குப் பின்னால் வீங்கியிருக்கிறதாம். தலையை ஸ்கேன் எடுக்கச் சொல்லி வேலூருக்கு எழுதிக் கொடுத்தார். வரும் வழியில் பூங்காவனம் பொரி வாங்கித் தரச் சொன்னாள். பஸ்ஸில் முழுவதும் எனக்கு ஊட்டிக்கொண்டே வந்தாள்.

செப்டம்பர் 9, செவ்வாய்

வேலூரில் பெரிய ஆஸ்பத்திரி. டாக்டர் ஒரு பெண். சுகுணாவை விடச் சின்னவளாகத் தெரிந்தாள். ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டுப் பூங்காவனத்தைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னாள். ஒரு சின்ன டப்பாவைத் திறந்து அவள் மூக்குக்கு நேராகப் பிடித்தாள். நான் சுவரோரம் நின்றேன். எனக்கே காப்பித்தூள் வாசம் வந்தது.

“என்ன வாசனைம்மா?”

“ஒண்ணுமில்லியே.”

இன்னொரு டப்பா. கற்பூரம்.

“ஒண்ணுமில்லியே.”

அன்றைக்கு என் கழுத்தில் மூக்கை வைத்துச் சொன்னாளே, அதே குரல்.

செப்டம்பர் 10

இன்று எழுத ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 12

சோப்புப் போட்டுக் குளித்தேன். இரண்டு முறை.

செப்டம்பர் 16, செவ்வாய்

டாக்டர் என்னையும் சுகுணாவையும் உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னாள். பூங்காவனம் வெளியே நர்ஸ் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தாள்.

நெற்றிக்குப் பின்னால், மூக்குக்கு மேலே ஒரு கட்டி. எலுமிச்சம்பழம் அளவு. இன்று நேற்று வந்தது இல்லை. பல வருஷமாக மெல்ல வளர்ந்திருக்கிறது.

“புற்று இல்லை. இது நல்ல கட்டி. பயப்படாதீங்க.”

“நல்ல கட்டின்னா உட்டுடலாமே டாக்டரம்மா” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. மூன்று வழி சொன்னாள். மண்டை ஓட்டைத் திறந்து எடுத்துவிடலாம். இல்லை, கதிர் பாய்ச்சிச் சுருக்கலாம். ஆனால் கட்டி பெரிதாகிவிட்டது, கண் நரம்புக்குப் பக்கத்தில் இருக்கிறது, அதனால் அது சரிப்படாது. இல்லை, ஒன்றும் செய்யாமல் அடிக்கடி ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

“பாத்துக்கிட்டே இருந்தா என்ன ஆகும்?” என்று சுகுணா கேட்டாள்.

“கண் போயிடும். ஒரு கண்ணுல பார்வை ரொம்பக் குறைஞ்சாச்சு. அப்புறம் வலிப்பு வரலாம். அதுக்கப்புறம் உயிருக்கே ஆபத்து.”

“ஆபரேஷன்ல?”

“எந்த ஆபரேஷன்லயும் ஆபத்து உண்டு. ஆனா அவங்க உடம்பு நல்லா இருக்கு. நான் அதைத்தான் சொல்வேன்.” பிறகு என்னைப் பார்த்தாள். “கோபம், வெட்கம், எதை எங்க பேசணும்ங்கற நிதானம், இதெல்லாம் நெத்திக்குப் பின்னால இருக்கற இடத்துல இருந்துதான் வருது. கட்டி அந்த இடத்தை அழுத்துது. அதனாலதான் குணம் மாறியிருக்கு. எப்பலேர்ந்து மாறினாங்கன்னு கவனிச்சீங்களா ஐயா?”

“மாறல” என்றேன். “அவ எப்பவும் இப்டித்தான்.”

சுகுணா என் பக்கம் திரும்பினாள்.

“எடுத்துட்டா பழைய ஆளா உங்ககிட்ட திரும்பி வந்துடுவாங்க” என்றாள் டாக்டர். நல்ல செய்தியைக் கடைசியில் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தாள் போலிருக்கிறது. சுகுணா அழுதாள். நான் கும்பிட்டேன்.

பழைய பூங்காவனம் திரும்பி வந்தால் இவள் எங்கே போவாள்? இதை டாக்டரிடம் கேட்க முடியாது. நோட்டில் எழுதலாம்.

செப்டம்பர் 22

ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதத்தை எழுத்துக் கூட்டிப் படித்தேன். ‘கண்காணிப்பு’ என்று ஒரு சொல் இருந்தது. ரெஜினா டீச்சரிடம் கேட்டேன்.

“பாத்துக்கிட்டே இருக்கறதுங்க ஐயா. ஒண்ணும் பண்ணாம, கவனமா பாத்துக்கறது.”

அது எனக்குப் பிடித்திருந்தது. அவளைப் பார்த்துக்கொண்டே இருப்பதில் எனக்குக் கஷ்டம் இல்லை. நாள் முழுக்கப் பார்ப்பேன். கேஸை நான் மூடுகிறேன். குழம்பை நான் மோந்து பார்க்கிறேன். நடக்கும்போது கையைப் பிடித்துக்கொள்கிறேன்.

சுகுணாவிடம் போனில், தீபாவளி கழியட்டும் என்றேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

பூங்காவனத்தையே கேட்டேன். அவள் தலை, அவளைக் கேட்காமல் எப்படி?

“தலையில ஒரு கட்டி கீதாம். வெட்டி எடுக்கலாமான்றாங்க. இன்னா சொல்ற?”

“வெட்டுனா மொட்டை அடிப்பாங்களா?”

“அடிப்பாங்க.”

“அப்ப திருத்தணிக்கு வேண்டிக்கினதா வெச்சிக்கலாம். ஒரே செலவு.” சிரித்துக்கொண்டே இருந்தாள். பிறகு, “எனுக்கு ஒண்ணும் வலிக்கல மாமா. நான் நல்லாத்தான் கீறேன். நீ சொன்னா வெட்டிக்கிறேன். வேணான்னா வேணாம்” என்றாள்.

முன்பெல்லாம் நான் உப்பு வாங்கி வருவதாகச் சொன்னால்கூட வேண்டாம் என்பாள்.

அக்டோபர் 5

சுகுணா வந்திருந்தாள். அவள் அம்மா தூங்கிய பிறகு என் எதிரில் உட்கார்ந்தாள்.

“நைனா, நீ வேணும்னே தள்ளிப் போடுறியா?”

“பயமா கீதும்மா. தலையைத் திறக்கறாங்க.”

“அந்தப் பயம் மட்டும்தானா?”

நான் பூங்காவனம் படுத்திருந்த பக்கம் பார்த்தேன்.

“இந்த வீட்டுலதான நானும் வளந்தேன். நீ நடையில தனியா உக்காந்து துன்னுவ. எனுக்குத் தெரியாதா? அம்மா உன்ன மாமான்னு கூப்டறப்ப எனுக்கே கண்ணுல தண்ணி வந்துச்சு.” மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “ஆனா அது கண்ணு நைனா. அம்மாவோட கண்ணு.”

“தீபாவளி மட்டும் ஆவட்டும்மா” என்றேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி.

காலையில் பூங்காவனம் நல்லெண்ணெய் காய்ச்சி எடுத்து வந்தாள். “உக்காரு மாமா” என்றாள். மணையில் உட்கார்ந்தேன். தலையில் வைத்துத் தேய்த்தாள். பிறகு தோளில். பிறகு முதுகில். சுண்ணாம்பு தின்ற தழும்புகள் முதுகிலும் கையிலும் உண்டு. ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்து, “இது இன்னா? இது இன்னா?” என்று கேட்டாள். நான் சொன்னேன். என் கதையை இதுவரை யாரும் கேட்டதில்லை.

குழந்தையில் என் அம்மா முதுகைத் தொட்டிருப்பாள். எனக்கு நினைவில்லை. நினைவு தெரிந்து இதுதான்.

எண்ணெய் கண்ணில் இறங்கிவிட்டது என்று சொன்னேன். அவள் முந்தானையால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்தது.

அக்டோபர் 27

சுகுணா போன் செய்தாள். பொங்கல் கழியட்டும் என்றேன். போனை வைத்துவிட்டாள்.

நவம்பர் 2, ஞாயிறு

காலை. நல்ல வெயில். பூங்காவனம் வாசலில் முறத்தை மடியில் வைத்துப் பீடி இலை நறுக்கிக்கொண்டிருந்தாள். யாரும் வாங்குவதில்லை, பழக்கம். வெயில் அவள் மடியில், முறத்தில், கையில் எல்லாம் விழுந்திருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து நேற்றைய பேப்பரைக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தேன்.

“மாமா, லைட்டைப் போடு. இருட்டிக்கினு வருது” என்றாள்.

நான் எழுந்து உள்ளே போய் லைட்டைப் போட்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. திரும்பி வந்தேன்.

“போட்டியா?”

“போட்டேன்.”

“பத்தல மாமா” என்றாள். அவள் விரலில் கத்தரி பட்டு ரத்தம் வந்துகொண்டிருந்தது. அதுவும் அவளுக்குத் தெரியவில்லை. பிறகு முதல் முறையாக அவள் குரலில் பயம் வந்தது. “மாமா? நீ கீறியா?”

“இங்கதான் கீறேன்.”

என் முகத்தைக் கையால் தடவிப் பார்த்தாள்.

நான் பேப்பர் படிக்கக் கற்றுக்கொண்டேன். பக்கத்தில் இருப்பவள் கண் போவதைப் படிக்கவில்லை. சுகுணாவுக்கு நானே போன் செய்தேன். பொங்கல் வரைக்கும் காத்திருக்க வேண்டாம் என்றேன்.

நவம்பர் 11, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. டாக்டர் மறுபடியும் எல்லாம் சொன்னாள். இன்னும் தாமதித்திருந்தால் இரண்டு கண்ணும் போயிருக்கும். இப்போது எடுத்தால் ஒன்றையாவது காப்பாற்றலாம். “ஆனா வாசனை இனி வராது ஐயா. அந்த நரம்பு முழுசா போயிடுச்சு. அதை மட்டும் எங்களால திருப்பிக் கொடுக்க முடியாது.”

“பரவால்லம்மா” என்றேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அந்த ஒரு பேச்சைக் கேட்டதும் எனக்குள் ஒரு சின்ன விளக்கு எரிந்தது. குணம் திரும்பட்டும், கண் திரும்பட்டும். மூக்குதான் இனி கிடையாதே.

நர்ஸ் காகிதத்தையும், என் வயதைப் பார்த்து மைப்பெட்டியையும் கொண்டுவந்தாள்.

“மை வேணாம்மா. கையெழுத்துப் போடுவேன்.”

முதல் கையெழுத்தைப் பென்ஷன் ஆபீஸில் போட வேண்டும் என்று நினைத்திருந்தேன். அங்கே என்னிடம் எப்போதும் கைநாட்டு வாங்குகிற கிளார்க் பார்க்க வேண்டும் என்று ஆசை. பேனாவைப் பிடித்தேன். கட்டிலில் இருந்து பூங்காவனம், “எதுக்கு மாமா கையெழுத்து?” என்றாள்.

“உன் கண்ணுக்கு.”

“அப்ப பெருசா போடு.”

பெரிதாகப் போட்டேன். கோட்டுக்கு வெளியே போய்விட்டது. “அழகா இருக்கு தாத்தா” என்றாள் நர்ஸ். சுகுணா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சாயங்காலம் பூங்காவனத்துக்கு மொட்டை அடித்தார்கள். தலையைத் தடவிக்கொண்டு, “முருகா” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். சூடாக இருந்தது.

“கண்ணு முழிச்சா உன்னதான் மொதல்ல பாப்பேன். பக்கத்துலயே உக்காந்துக்கோ, சரியா?”

“சரி.”

“வேற எங்கியும் போய்டாத.”

“போவ மாட்டேன்.”

நவம்பர் 12, புதன்

காலையில் உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடும்வரை மாமா, மாமா என்று கூப்பிட்டுக்கொண்டே போனாள்.

நவம்பர் 12

இரண்டாவது முறை தேதி போடுகிறேன். கட்டியை முழுதாக எடுத்துவிட்டார்களாம். நல்லபடியாக முடிந்தது என்று டாக்டர் சொன்னாள். சுகுணா என் தோளில் விழுந்து அழுதாள். எனக்கும் சந்தோஷம்.

நவம்பர் 15

கண்ணாடி வழியாகப் பார்க்க விட்டார்கள். தூங்குகிறாள். முகம் வீங்கியிருக்கிறது.

நவம்பர் 19, புதன்

இன்று வார்டுக்கு மாற்றினார்கள். நான் விடிந்ததிலிருந்து கட்டில் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். ஆஸ்பத்திரிக் குழாயில் குளித்து, துவைத்த வேட்டி கட்டியிருந்தேன். சொன்னபடி வேறு எங்கும் போகவில்லை.

கண்ணைத் திறந்தாள். விட்டத்தைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கண் என் முகத்தில் வந்து நின்றது. தெரிகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. “பூங்காவனம்” என்றேன்.

அவள் சுகுணாவின் பக்கம் திரும்பினாள். வாய் உலர்ந்திருந்தது. மெல்லத்தான் பேசினாள்.

“அந்தாளைக் கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லு. தோல் நாத்தம் தாங்கல.”

சுகுணா என்னைப் பார்த்தாள். “யம்மா...” என்று ஏதோ சொல்ல வந்தாள். நான் வேண்டாம் என்று கையைக் காட்டினேன். வாசனை நரம்பு போய்விட்டதென்று அவளுக்கு நாங்கள் இன்னும் சொல்லவில்லை. நான் சொல்லப் போவதும் இல்லை.

ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய்க் கதவோரம் போட்டேன். அங்கிருந்தும் அவள் முகம் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவளும் இந்தப் பக்கம் பார்த்தாள். அவ்வளவு தூரத்திலும் என்னை அவளுக்கு அடையாளம் தெரிகிறது. டாக்டரிடம் சொன்னபோது மிகவும் சந்தோஷப்பட்டாள்.

நவம்பர் 23

“நீ நைனாவ மாமான்னு கூப்ட்டியே, நெனப்பு கீதா?” என்று சுகுணா விளையாட்டாகக் கேட்டாள்.

“சீ, நான் எப்பக் கூப்ட்டேன்?” என்றாள் பூங்காவனம். நிஜமாகவே தெரியவில்லை அவளுக்கு.

டிசம்பர் 3, புதன்

வீட்டுக்கு வந்து மூன்று நாள் ஆகிறது. தலையில் துணி கட்டிக்கொண்டு மெல்ல நடக்கிறாள். நிலைக்காலில் இடித்துக்கொள்வதில்லை. ஒரு கண் நன்றாகத் தெரிகிறது. பீடி இலையை ஒரே அளவாக நறுக்குகிறாள். ஏஜெண்டுக்குச் சொல்லி அனுப்பச் சொன்னாள், என்னிடம் இல்லை, சுகுணாவிடம்.

மத்தியானம் நான் எழுதிக்கொண்டிருந்தேன். “எப்பப் பாத்தாலும் இன்னா எழுதுது அது?” என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

“சும்மா, பாடம்” என்றேன்.

அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஜூலை 29 இந்த நோட்டில் இருக்கிறது. தீபாவளி இருக்கிறது.

சாயங்காலம் கடைக்குப் போய்த் திரும்பினேன். முன்வாசல் உள்ளே தாழ் போட்டிருந்தது. சுற்றிக்கொண்டு பின்வாசலுக்குப் போனேன். அண்டாவில் ஆவி பறந்துகொண்டிருந்தது. பக்கத்தில் புதுச் சோப்பு, உறை பிரித்து வைத்திருந்தது. டாக்டர் அவளைக் குடம்கூடத் தூக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள். எப்படித் தூக்கினாளோ.

குளித்தேன். தண்ணீர் பதமாக இருந்தது. அவள் வைத்தால் எப்போதும் பதமாகத்தான் இருக்கும்.